விமானம் ஓட்டப் பழகும் கால்கள்

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் ஜாய்ஸ்டிக்கோடு சில காலம் பறந்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது ரடர் பெடலுக்கு. மேசைக்கு அடியில் வைத்து இரண்டு கால்களாலும் மிதிக்கும் கருவி அது. வாங்கிப் பொருத்திய முதல் சில நாள்கள் பலருக்கும் ஏமாற்றம்தான். நேற்றுவரை ஓடுபாதையில் நேராக ஓடிய விமானம் இன்று இடமும் வலமுமாக அலையும். காலை எடுத்தால் ஒரு பக்கம் போகும், மிதித்தால் மறுபக்கம் புல்வெளிக்கே போய்விடும். பெடலில்தான் கோளாறோ என்று தோன்றும்.

பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. அதுவரை விளையாட்டே நமக்காகச் செய்துவந்த ஒரு வேலை, இப்போது நம் கால்களுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

திருப்புவது இறக்கை, திருத்துவது ரடர்

விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கும் பகுதியில், பின்விளிம்பில் அசையும் பலகைதான் ரடர். கப்பலின் சுக்கானைப் போலவே இருப்பதால், விமானத்தைத் திருப்புவது இதுதான் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் விமானத்தைத் திருப்புவது இறக்கைகளின் சாய்வு. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளுகிறோம். வலது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் என்ற பலகை கீழே இறங்குகிறது. அந்த இறக்கை மேலே எழுகிறது. ஆனால் கூடுதல் தூக்குவிசை இலவசமாக வராது. அதோடு காற்றின் எதிர்ப்பும் கூடும். விளைவு, வலது இறக்கை பின்னுக்கு இழுபட, விமானம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே மூக்கை வலப்பக்கம் திருப்பும். இந்த எதிர்த் திருப்பத்தைச் சரிசெய்யத்தான் இடது காலை மிதிக்கிறோம்.

1901-இல் கிளைடர் பறக்கவிட்ட ரைட் சகோதரர்களைக் குழப்பியது இதுதான். 1902-ஆம் ஆண்டுக் கிளைடரில் முதலில் அசையாத இரண்டு செங்குத்துப் பலகைகளை வாலில் வைத்தார்கள், போதவில்லை. பிறகு அசையும் ஒற்றை ரடராக மாற்றி, அதை, இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கும் கம்பிகளோடு இணைத்துவிட்டார்கள். இறக்கை முறுகினால் ரடரும் தானாகத் திரும்பும். 1905-இல் அந்த இணைப்பையும் துண்டித்தார்கள். எல்லா நேரத்திலும் ஒரே அளவு ரடர் போதாது, ஓட்டுபவரே தீர்மானிக்க வேண்டும் என்று பட்டறிவு சொல்லிக்கொடுத்தது.

அதற்குப் பிறகும் இணைத்துப் பார்க்கும் ஆசை போகவில்லை. அமெரிக்காவில் ஃப்ரெட் வைக் வடிவமைத்து, 1940-இல் அனுமதி பெற்ற எர்கூப் என்ற சிறு விமானத்தில் ரடர் பெடலே கிடையாது. காரைப் போல ஸ்டீயரிங்கைத் திருப்பினால் எய்லரானும் ரடரும் சேர்ந்து அசையும். வானத்தில் சிக்கல் இல்லை. பக்கவாட்டில் காற்றடிக்கும்போது தரையிறங்குவதுதான் சிக்கல். மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கப் பெடல் இல்லாததால், கோணலாகவே இறங்க வேண்டும். அந்த அதிர்ச்சியைத் தாங்கும்படி அதன் சக்கரங்களை அமைத்திருந்தார்கள்.

சிமுலேட்டர் விளையாட்டுகளில் எய்லரானோடு ரடரையும் தானாக அசைக்கும் ‘ஆட்டோ ரடர்’ வசதியும் இந்த வழி வந்ததே. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் பழைய பதிப்புகளிலேயே அது உண்டு. பெடல் வாங்கியவர் அதை அணைக்காமல் விட்டால், காலும் கணினியும் ஒரே ரடருக்குப் போட்டி போடும்.

எந்தக் காலை மிதிப்பது?

காற்றாடி விமானங்களில் இன்னொரு வேலையும் காலுக்கு உண்டு. ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது காற்றாடி வலஞ்சுழியாகச் சுற்றினால், அது பின்னோக்கித் தள்ளும் காற்று விமானத்தின் உடலைச் சுற்றிக்கொண்டே போய் வாலின் இடப்பக்கத்தில் மோதும். வால் வலப்பக்கம் நகர, மூக்கு இடப்பக்கம் போகும். எஞ்சினுக்கு முழு வலுவும் கொடுத்துப் புறப்படும்போது இந்த இழுப்பு மிக அதிகம். அதனால் வலது கால் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர் இதற்கு நல்ல சான்று. அதன் மெர்லின் எஞ்சின் காற்றாடியை வலஞ்சுழியாகச் சுற்றியது. விமானிகள் வலது காலை மிதித்துப் பழகியிருந்தார்கள். பின்னால் வந்த 12, 14-ஆம் மாதிரிகளில் கிரிஃபான் எஞ்சின் பொருத்தப்பட்டது. அது எதிர்த்திசையில் சுற்றியது. இப்போது இடது காலை மிதிக்க வேண்டும். பெயரும் இருக்கையும் பழையவைதாம். கால் மட்டும் மாற வேண்டும். ‘ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்’ விளையாட்டில் மெர்லின் பொருத்திய 9-ஆம் மாதிரியும், கிரிஃபான் பொருத்திய 14-ஆம் மாதிரியும் உண்டு. ஒன்றில் பழகிவிட்டு மற்றதில் ஏறினால், காலின் பழக்கம் எவ்வளவு பிடிவாதமானது என்பது புரியும்.

திசையே பலருக்கு முதல் தடை. சைக்கிள் ஹேண்டில்பாரில் வலக்கையை முன்னே தள்ளினால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும். ரடர் பெடலிலோ வலது காலை முன்னே தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். கார் ஓட்டுபவருக்குச் சிக்கல் வேறு. கிளட்சும் பிரேக்கும் தனித்தனி. ஒரு கால் மிதிக்கும்போது மற்றது சும்மா இருக்கலாம். ரடரில் ஒரு பெடல் முன்னே போனால் மற்றது பின்னே வரும். மிதிக்காத கால் விட்டுக்கொடுக்காவிட்டால் மிதிக்கிற கால் அதோடு மல்லுக்கட்டும். புதியவர்களின் தொடை வலிக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இருக்கை சொல்லாத சேதி

நிஜ விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் உடம்பு உடனே உணரும். உடல் ஒரு பக்கம் சரியும். இருக்கையின் அழுத்தம் மாறும். உள்காதில் உள்ள நுண்ணிய கற்கள் சாய்வை மூளைக்குச் சொல்லும். வீட்டு நாற்காலியில் இவை எதுவும் இல்லை. 1929-இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிப் பெட்டியாவது, காற்றுத் துருத்திகளின் உதவியால் ஓட்டுபவரைச் சாய்த்துத் திருப்பியது. நம் மேசையில் அசைவது திரை மட்டுமே.

ஆகவே இருக்கை சொல்ல வேண்டியதைக் கண்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கருவிப் பலகையில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பந்து உருளும். அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை மிதிப்பது விமானிகளின் விதி. ஆனால் கண் பார்த்து, மூளை தீர்மானித்து, கால் மிதிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். மிதித்த பிறகும் விமானம் உடனே திரும்பாது. ‘இன்னும் திரும்பவில்லையே’ என்று மேலும் மிதிப்போம். திரும்பத் தொடங்கும்போது அளவு மிஞ்சியிருக்கும்; அடுத்து மறுகாலில் அதே தவறு. தாமதத்தோடு திருத்தும் எந்த அமைப்பும் இப்படித்தான் ஊசலாடும். ஓடுபாதை அலைச்சலின் ரகசியம் இதுவே.

பழகியவர் வேகமாகத் திருத்துவதில்லை, முன்கூட்டியே திருத்துகிறார். எந்த அசைவுக்கு என்ன விளைவு என்ற கணிப்பைச் சிறுமூளை, ஒவ்வொரு பிழையையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுகிறது. 1967-இல் உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் திறன் பழகுவதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: யோசித்துச் செய்வது, பிழையைக் குறைத்துச் சீராக்குவது, யோசிக்காமலே செய்வது. முதல் கட்டத்தில் இருப்பவர் ரேடியோவில் பேசினால் கால் மறந்துவிடும். மூன்றாம் கட்டத்தில் பேச்சும் காலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

பழகும் வழி

முதலில் நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலியில் அமர்ந்து மிதித்தால் நாம்தான் பின்னே போவோம். சக்கரங்களைப் பூட்ட வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் பெடல் நழுவும். அடியில் ரப்பர் விரிப்பு தேவை. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் தள்ள வேண்டும். பெடலின் மேற்பகுதி பல மாதிரிகளில் பிரேக். பாதம் முழுவதையும் தூக்கி வைத்தால் தெரியாமலே பிரேக் பிடிப்போம். நடுப்பகுதியில் மெதுவாகவும் ஓரங்களில் வேகமாகவும் ரடர் அசையும்படி அமைப்புகளில் வளைகோட்டை மாற்றிக்கொள்வது தொடக்கத்தில் உதவும்.

அடுத்து விமானம். பெரிய ஜெட் விமானங்களில் மூக்கின் அலைச்சலைத் தானியங்கிக் கருவியே அடக்கிவிடுவதால் பறக்கும்போது காலுக்கு வேலை குறைவு. செஸ்னா 152 போன்ற சிறிய பயிற்சி விமானமே நல்லது. தரையில் மெதுவாக ஓட்டுவது, பிறகு புறப்படுவது, அதன் பிறகே திருப்பங்கள். தொலைவிலுள்ள ஒரு மலையில் மூக்கை நிறுத்தி, விலகாமல் இறக்கைகளை மட்டும் இடமும் வலமும் சாய்ப்பது மிகச் சிறந்த பயிற்சி. இறக்கை நீண்ட கிளைடரில் எதிர்த் திருப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். பக்கக் காற்றில் தரையிறங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளில் ஒரே மூச்சில் பழகுவதைவிட, தினமும் கொஞ்சம் பழகுவது நன்றாகப் படியும்.

எது படிகிறது என்பதே கேள்வி

கால் எதைக் கற்றாலும் உறுதியாகக் கற்றுக்கொள்ளும். அதனாலேயே கவனம் தேவை. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 என்ற ஏர்பஸ் ஏ300-600 விமானம், முன்னால் போன போயிங் 747 கிளப்பிய காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி பெடல்களை மாறி மாறி அழுத்தமாக மிதித்தார். செங்குத்து வாலே பிய்ந்து விழுந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். தேவையற்ற, அளவு மீறிய பெடல் அசைவே காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அந்த விமான வகையின் ரடர் அமைப்போடு, நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் துணைக் காரணமாகச் சொன்னது. சிமுலேட்டரில் கொடுத்த ஒரு பயிற்சி, காற்றுச் சுழலைப் பற்றி மிகைப்பட்ட எண்ணத்தை அவருக்கு உண்டாக்கியிருக்கலாம் என்பது வாரியத்தின் முடிவு.

வீட்டு சிமுலேட்டரால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நாளை பறக்கும் பள்ளியில் சேர நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கால், எப்போது என்பதை வீட்டுப் பெடல் சரியாகவே கற்றுக்கொடுக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதை அதனால் கற்றுக்கொடுக்க முடியாது. வீட்டுப் பெடலின் ஸ்பிரிங் எந்த வேகத்திலும் ஒரே மாதிரி எதிர்க்கும். சிறிய நிஜ விமானத்திலோ வேகம் கூடக் கூடப் பெடல் கனக்கும். அந்தக் கனத்தைக் காற்றிடம்தான் கற்க வேண்டும்.