‘வெறிநாய்க்கடி’ என்னும் வழக்கும் பூனையின் மூளையும்

வெறிநோயைப் பேச்சுவழக்கு ‘வெறிநாய்க்கடி’ என நாயோடு பிணைத்துவிட்டது. கறம்பக்குடி போன்ற ஊர்களில் வீடுதோறும் உலவும் பூனையின் கீறல் இச்சொல்லின் பொருளெல்லைக்குள் அடங்குவதில்லை. பூனையின் உடலில் நிகழ்வதோ வேறன்று. காயத்தில் புகும் வைரஸ் குருதியை விடுத்து நரம்பிழை வழியே மூளையை அடைவதால், நோயெதிர்ப்பு மண்டலம் அதனை எளிதில் இனங்காண்பதில்லை. அதன் ‘பி’ புரதம் இன்டர்ஃபெரான் உருவாக்கத்தையும் ஒடுக்குகிறது. எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் நோய்க்குறிகள் தோன்றிய பின்னரே உருவாகின்றன. அப்போதும் குருதி-மூளைத் தடுப்பு அவற்றை உள்ளே எளிதில் விடுவதில்லை. தடுப்பூசி செய்வதெல்லாம் இக்காலத்தாழ்வைக் களைவதே. குன்னூரில் 1907இல் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையத்தின் பணிக்கும் இதுவே அடிப்படை. பூனை தன் நகங்களை நக்கும் இயல்பினது. உமிழ்நீரோ வைரஸின் ஊர்தி. எனவே உலக சுகாதார நிறுவனப் பகுப்பில் குருதி கசியாத சிறு கீறலும் இரண்டாம் வகையாய்த் தடுப்பூசிக்குரியது. ‘வெறிநோய்’ என்னும் பொதுச்சொல்லே இதற்கு இடந்தருகிறது.