கோச்சி போன தடம்

நேயர்களே, குறிகட்டுவானில் பிறந்த ஒருவன் புகையிரதப் பாதையைப் பற்றிப் பேச வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊரில் கோச்சி ஓடியதே இல்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம் ஏறுகிற துறை அது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையைக் கடந்து, இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்குள் நுழைந்து, இறங்குதுறையடியில் போய் நிற்கும். அதற்கப்பால் கடல். மிகக் கிட்டிய தண்டவாளம் ஏறக்குறைய 20 மைல் தள்ளி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

ஆனால் கோச்சியை நம்பிச் சீவித்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால் தீவார் முன்வரிசையில் நிற்பார்கள். புங்குடுதீவு ஆண்களில் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்தவர்கள். என் ஐயாவும் அவர்களில் ஒருவர். இரவு மெயிலில் ஏறி, விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் வந்து சேர்வார். அவர் கொண்டுவரும் பிஸ்கற் பெட்டியில் நிலக்கரிப் புகை மணக்கிறது என்று அம்மா சொல்லுவா. உண்மையில் அப்போது டீசல் இயந்திரம் வந்து கனகாலம். அம்மாவுக்குக் கோச்சி என்றால் புகை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்தக் கோச்சியின் எச்சம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஒரு பாதி ரிக்கற். தடித்த மட்டையில் அச்சிட்டுக் கொடுப்பார்களே, அந்தச் சின்ன ரிக்கற். இங்கிலாந்தில் நிலைய அதிபராக இருந்த தோமஸ் எட்மன்சன் என்பவர் 1830களில் உருவாக்கிய முறை அது. உலகமெல்லாம் சுற்றி எங்கள் நாட்டிலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 1990 ஜூன் முதற் கிழமை ஐயா போய்வர ரிக்கற் எடுத்து ஊருக்கு வந்தார். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு நின்று போகலாம் என்பது எண்ணம். ஜூன் 11 இல் சண்டை மூண்டது. ஜூன் 13 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடைசிப் புகையிரதம் புறப்பட்டது. ஐயா அதில் இல்லை. திரும்பிப் போகிற பாதி அவருடைய சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பாதி ரிக்கற்றை வைத்துக்கொண்டுதான் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கினேன்.

'கைவிடப்பட்ட' என்ற சொல்லை முதலில் கவனிக்க வேண்டும். பாதைகள் எல்லாம் ஒரே விதமாகச் சாவதில்லை. சிலவற்றைக் கணக்குப் புத்தகம் கொல்கிறது. எங்கள் மலையகத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறிய பாதை இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டது. லொறியும் பஸ்ஸும் வந்தபின் அது கட்டுபடியாகாமல் 1940களில் மூடப்பட்டது. பிரித்தானியாவில் 1963 இல் பீச்சிங் என்பவரின் அறிக்கை வந்ததும் ஆயிரக்கணக்கான மைல் கிராமப்பாதைகள் இதே காரணத்துக்காக மூடப்பட்டன. அவற்றில் பல இப்போது நடைபாதைகள், சைக்கிள் பாதைகள். விடுமுறை நாளில் குடும்பமாக அவற்றில் உலாவப் போகிறார்கள்.

வேறு சிலவற்றைக் கடல் கொள்கிறது. 1914 இல் பாம்பன் பாலம் திறந்தபோது சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து கொழும்புக்குக் கோச்சி என்று ஒரே தொடராகப் பயணம் போக முடிந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், தனுஷ்கோடியை எட்டும் வேளையில், நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலைக்குள் போனது. அந்தப் பாதை பிறகு போடப்படவில்லை. மணலில் நிற்கும் நிலையச் சுவர்களையும் தேவாலயத்தையும் இன்றும் காணலாம். அந்தப் புயலுக்கு இரண்டு மாதத்துக்கு முன்தான், 1964 அக்டோபர் 30 இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. தோட்டங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட மலையகத் தமிழர் தலைமன்னாருக்குக் கோச்சியில் வந்து, கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பாட்டன் பாட்டி கூலிகளாக வந்த அதே கடல்வழியால் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாவது வகைதான் எங்களுடையது. போர் தின்ற பாதை. வவுனியாவுக்கு வடக்கே காங்கேசன்துறைவரை போன பாதையும், மன்னார்ப் பாதையும் 1990 இல் நின்றன. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பெயர்த்துப் பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரை போட்டார்கள். இதைக் கைவிடப்பட்ட பாதை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கைவிட்டவர் யாருமில்லை, எங்கள் கையிலிருந்து பறிபோனது.

இந்தப் பாதையின் எச்சங்களைப் பார்க்கக் கற்றுத்தந்தவர் ஒரு பெரியவர். புகையிரதப் பாதை பராமரிப்பில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். 2002 இல் ஏ9 வீதி திறந்த சில மாதங்களின் பின் கொடிகாமத்துப் பக்கம் அவரோடு நடக்க வாய்த்தது. பற்றையும் பனைவடலியுமாகக் கிடந்த வெளியைக் காட்டி, இதில் பாதை எதுவென்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"கோச்சிக்கு ஏத்தமும் பிடியாது, திடீர் வளைவும் பிடியாது, தம்பி. நிலம் எப்பிடிக் கிடந்தாலும் அது தன்ரை மட்டத்திலைதான் போகும். அந்த மட்டத்தைத் தேடுங்கோ" என்றார்.

இதில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு. பாரத்தை இலேசாக இழுக்கலாம்; மேட்டில் ஏறுவதுதான் கஷ்டம். எங்கள் மலைநாட்டுப் பாதையிலேயே உச்சச் சரிவு 44 அடிக்கு ஓர் அடிதான். ஆகையால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதை போடுகிறார்கள். இரும்பைக் கழற்றிக்கொண்டு போகலாம். வெட்டியதையும் நிரப்பியதையும் கொண்டுபோக முடியாது. நாலு முழ உயரத்தில் ஒரு வரம்பு, வயல்வெளிக்குக் குறுக்கே, ஒரு வளைவும் காட்டாமல் நெடுந்தூரம் போகுமானால் அது கமக்காரன் கட்டிய வரம்பாக இராது.

இரண்டாவது அடையாளம் கல். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பவை. எங்கள் மண்ணைக் கிண்டினால் வெள்ளைக் கல்தான் வரும். நெடுந்தீவில் வேலிகூடப் பவளக் கல்லால் அடுக்கியது. கருங்கல் எங்களுக்கு வெளியூர்ச் சரக்கு. சிலிப்பர் கட்டைகளைப் பிடித்து நிறுத்தவும் மழைநீர் வடியவும் பாதைக்குக் கருங்கற் சல்லி பரப்புவார்கள். பெரியவர் காலால் புல்லை விலக்கினார். செம்மண்ணுக்குள் கறுப்பாக ஒரு சல்லி எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சற்று நேரத்தில் பாதையின் அகலத்தையே எங்களால் அளக்க முடிந்தது.

மூன்றாவது மதகு. அணைக்கட்டுப் போல நீளும் வரம்பு மாரிவெள்ளத்தை மறிக்கும். அதற்கு வழிவிட இடைக்கிடை மதகு கட்டுவார்கள். இரும்பைக் கழற்றியவர்களுக்கு மதகால் பயனில்லை. வயல்காரருக்கோ அது வேண்டும். ஆகவே பல மதகுகள் தப்பிவிட்டன. கோச்சி இல்லாத பாதைக்குக் கீழே, கோச்சிக்காகக் கட்டிய மதகால், பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது அடையாளம் மண்ணில் இல்லை, வாயில் இருக்கிறது. கோச்சி நின்று எத்தனையோ வருடம் கழித்தும் சனங்கள் 'ஸ்ரேசனடியில் இறக்கிவிடு' என்று பஸ்காரரிடம் சொன்னார்கள். 'கேற்றடி' என்றார்கள், அங்கே கேற்றும் இல்லை, கேற் காவலாளியும் இல்லை. கோச்சியைக் கண்டறியாத பிள்ளைகளும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வழி காட்டினார்கள். அந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த எச்சம் இதுதான்.

அதே வருடம் ஐயாவை வானில் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். யன்னலோரம் இருந்தார். நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள், பளை என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தார். ஊர்ப் பெயர்கள்தான், அவர் சொன்னதோ நிலையங்களின் ஒழுங்கில். ஆனையிறவில் மட்டும் நிறுத்திவிட்டார். இடிந்து கிடந்ததைப் பார்த்தார். பிறகு பரந்தனிலிருந்து திரும்பவும் தொடங்கினார்.

இனி இந்தப் பாதையின் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. யாழ்ப்பாணத்துக்கு அது வரப் பின்னும் 38 வருடம் எடுத்தது. ஆனால் வந்த விதம் வேடிக்கையானது. தெற்கிலிருந்து படிப்படியாக வரவில்லை. 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் தனித் துண்டாகத் திறந்தார்கள். அதே வருடம் பளைவரை நீட்டினார்கள். கொழும்போடு முழுமையாகத் தொடுத்தது 1905 ஆகஸ்ட் 1 இல். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கோச்சி குடாநாட்டுக்குள்ளேயே ஓடியது. தெற்கோடு தொடர்பில்லாத பாதைக்கு இரும்பும் இயந்திரமும் வேறெப்படி வந்திருக்கும்? கடலால்தான் வந்திருக்க வேண்டும். எங்கள் தீவாரைப் போலவே யாழ்ப்பாணத்துக் கோச்சியும் கடலால் கரைசேர்ந்தது என்று நினைக்க எனக்கு ஒரு சந்தோஷம். 1956 ஏப்ரல் 23 இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியபோது பகலில் புறப்பட்டு அன்றைக்கே ஊர்சேர முடிந்தது.

1990க்குப் பின் பாதை வெறுமையாகக் கிடந்ததென்று எண்ண வேண்டாம். இடம்பெயர்ந்தவர்கள் புகையிரதக் காணிகளில் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். பயணிகள் காத்திருந்த மேடையில் அடுப்பு எரிந்தது. எங்கள் குடும்பமே 1991 இல் புங்குடுதீவை விட்டு ஓடிவந்து, கொக்குவிலில் பாதையோரம் சில மாதம் இருந்தது. அம்மாவின் தகரப் பெட்டிக்குள் உறுதிக் கட்டோடு அந்தப் பாதி ரிக்கற்றும் வந்தது. 'பாதை திறந்தால் கொடுத்துப் பார்ப்பம்' என்று ஐயா பகிடியாகச் சொல்லுவார். முதலில் எல்லாரும் சிரித்தோம். போகப்போக அந்தப் பகிடியை அவர் விட்டுவிட்டார்.

பாதை திறந்தது. 2011 இல் ஓமந்தை, 2013 இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 அக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. தலைமன்னாருக்கும் 2015 மார்ச்சில் கோச்சி போனது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை கடைசிக் கோச்சிக்கும் முதற் கோச்சிக்கும் இடையே சரியாக 24 வருடமும் 4 மாதமும். இந்திய நிறுவனமான இர்கொன் பாதையைப் புதிதாகப் போட்டது. கொங்கிறீற் சிலிப்பர், புதுத் தண்டவாளம், புது நிலையங்கள். திறந்த காலத்தில் நானும் போனேன். ஐயா அப்போது உயிரோடு இல்லை.

யன்னலால் தலையை நீட்டி அந்தப் பெரியவர் காட்டிய அடையாளங்களைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை. வரம்பை உயர்த்திப் புதுச் சல்லி கொட்டியிருந்தார்கள். மதகுகளும் புதியவை. கொட்டில்கள் இருந்த இடம் துப்புரவாக இருந்தது. வண்டி மிக மெதுவாக அசைந்து ஓடிற்று, நல்ல காற்று, சனங்கள் கைகாட்டினார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தனுஷ்கோடிக்குப் போகிறவருக்கு அங்கே என்ன நடந்ததென்று இடிந்த சுவர் சொல்கிறது. எங்கள் பாதையில் போகிற ஒரு பிள்ளைக்கு, இங்கே 24 வருடம் கோச்சி ஓடவில்லை என்று சொல்ல என்ன இருக்கிறது? பாதை திரும்பக் கிடைத்தபோது, அது இல்லாதிருந்த காலத்தின் தடயத்தை இழந்துவிட்டோம்.

பழைய எச்சங்களைப் பேணுவதில் நாங்கள் மோசமில்லை. நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கோட்டை இடிபாட்டையும் பெருக்கமரத்தையும் மட்டக்குதிரைகளையும் பார்க்காமல் திரும்புவதில்லை. நயினாதீவுதான் மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் என்று குறிகட்டுவானில் வள்ளத்துக்கு நிற்கும்போதே யாராவது ஒருவர் விளக்கம் தருவார். ஆயிரம் வருடத்துக்கு முந்தியதைத் தேடுகிற எங்களுக்கு முப்பது வருடத்துக்கு முந்தியது கண்ணில் படுவதில்லை. அதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், அவசரமில்லை என்று நினைக்கிறோம். எனக்கு வழிகாட்டிய பெரியவர் போய்விட்டார். எந்த மதகில் எந்த வருடம் வெள்ளம் ஏறியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நான் எழுதி வைக்கவில்லை.

ஆகவே, நேயர்களே, ஒரு சின்ன வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். ஒரு ரிக்கற், ஒரு நேரசூசி, நிலையத்து மேடையில் எடுத்த ஒரு படம் கிடைக்கலாம். கிடைத்தால் அதன் பின்புறத்தில் யாருடையது, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். பாதையோரம் கொட்டில் போட்டு இருந்தவர்களைக் கண்டால், எந்த நிலையத்தடியில், எத்தனை குடும்பம், தண்ணீருக்கு எங்கே போனீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள்.

எங்கள் ரிக்கற்றில் நான் எழுதிவிட்டேன்: 'ஐயாவுடையது. 1990 ஜூன். திரும்பிப் போகிற பாதி.'