முதல் சம்பளத்தில் பிடித்தது எவ்வளவு, ஏன்?

வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேரும் ஒருவரின் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 சதவீத அகவிலைப்படி 11,310 ரூபாய். இரண்டும் சேர்ந்து 30,810. வீட்டு வாடகைப்படியும் மருத்துவப்படியும் இதற்கு மேல். ஆனால் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தால், கைக்கு வந்த தொகை சில ஆயிரம் குறைவாக இருக்கும். "எடுத்த எடுப்பிலேயே இவ்வளவு வரியா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

அந்தச் சீட்டில் பிடித்தது எதுவும் வருமான வரி இல்லை. பெரிய தொகை, ஓய்வூதியப் பங்களிப்பாகப் போனது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள்; இவருக்கு அது 3,081 ரூபாய். குடும்பப் பாதுகாப்பு நிதி, மருத்துவக் காப்பீடு இரண்டும் சிறு தொகைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொழில் வரி உள்ளாட்சி அமைப்புக்குப் போவது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. தனியார் நிறுவனமாக இருந்தால் ஓய்வூதியப் பிடித்தத்தின் இடத்தில் பி.எஃப். இருக்கும்.

வருமான வரி என்ற இடத்தில் இவருக்குப் பூஜ்யம்தான் இருக்கும். காரணம், இந்த வரி மாதச் சம்பளத்தின் மீது போடப்படுவதில்லை. ஓர் ஆண்டின் வருமானத்தின் மீது போடப்படுவது; இவருடைய ஆண்டு வருமானம் வரி கட்டும் அளவை எட்டவில்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை உங்களுக்கு மொத்தம் எவ்வளவு சம்பளம் வரும் என்று அலுவலகம் முன்கூட்டியே மதிப்பிடுகிறது. அதற்கான ஆண்டு வரியைக் கணக்கிட்டு, மீதமுள்ள மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்கிறது. இதைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். சீட்டில் தெரியும் எண், ஆண்டு முடியும் முன்பே போட்ட ஒரு மதிப்பீட்டின் துண்டு. மதிப்பீடு மாறினால் அதுவும் மாறும். முதல் சம்பளம் வாங்குகிறவர் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. இதே ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ மென்பொருள் வேலைக்குப் போன ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் என்று வைப்போம். புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. மிச்சம் 15,25,000. 2025-26 நிதியாண்டின் விகிதப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. எஞ்சிய 3,25,000-க்கு 15 சதவீதம், 48,750. மொத்தம் 1,08,750, அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரி சேர்த்தால் 1,13,100. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,425 ரூபாய்.

15 சதவீதம் என்பது கடைசித் துண்டுக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். சம்பளம் கூடி அடுத்த விகிதத்துக்குப் போனால் முழுத் தொகைக்கும் அந்த விகிதம் விழும் என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். அப்படி இல்லை.

அதே ஆள் அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தால்? மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 8 லட்சம்தான். கழிவு போக 7,25,000. கழிவுக்குப் பின் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு முழு வரியும் தள்ளுபடி என்பதால், மார்ச் வரை ஒரு ரூபாய்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏப்ரல் சீட்டில் திடீரென்று 9,425 பிடிபட்டிருக்கும். சம்பளம் ஒரு ரூபாய் மாறவில்லை; ஆறு மாதக் கணக்கு பன்னிரண்டு மாதக் கணக்காகிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஆண்டின் நடுவில் வேலை மாறியவர் பழைய இடத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லாவிட்டால், இரண்டு இடத்திலும் கழிவைக் கொடுத்துக் குறைவாகப் பிடித்துவிடுவார்கள். ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட நேரும். சேர்ந்த வாரத்திலேயே பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. பான் எண்ணையும்தான்: வரி வரும் அளவுக்குச் சம்பளம் இருந்து பான் தராவிட்டால், குறைந்தது 20 சதவீதம் பிடிக்கச் சட்டம் சொல்கிறது.

இந்த வரிக்கு வயது நூற்று அறுபதுக்கும் மேல். 1860-இல் அன்றைய ஆங்கிலேய இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். அன்று ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவான வருமானத்துக்கு விலக்கு இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் இந்தத் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்து, அதற்காகவே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். இப்போது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதில் பிரிவு எண்கள் மாறின. ஆண்டுச் சம்பளத்தை மதிப்பிட்டு மாதாமாதம் பிடிக்கும் முறை அப்படியே இருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைத் தேடி முதல் மாதமே காப்பீட்டு முகவர் வருவார். "வரி மிச்சமாகும்" என்பார். ஒன்றரை லட்சம் வரையிலான சேமிப்புக் கழிவு, வீட்டு வாடகைக் கழிவு, மருத்துவக் காப்பீட்டுக் கழிவு எல்லாம் பழைய வரி முறையில்தான். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் இந்தப் பிரீமியத்தால் வரியில் ஒரு ரூபாயும் குறையாது. 12,75,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு, வேறு வருமானம் இல்லாவிட்டால், மிச்சப்படுத்த வரியே கிடையாது. குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று காப்பீடு எடுங்கள், தவறில்லை. வரிக்காக என்று யாராவது இருபது ஆண்டுக்குக் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். எத்தனையோ இளைஞர்களின் முதல் சேமிப்பு இப்படித்தான் முடங்கிப்போகிறது.

பிடித்த வரி உங்கள் பெயரில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான். சம்பளம் வழங்கும் அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று பான் எண்ணோடு கணக்குக் கொடுக்க வேண்டும். அது வருமான வரித் தளத்தில் உங்கள் வரிக் கணக்கு அறிக்கையில் ஏறும். ஆண்டு முடிந்தபின், படிவம் 16 என்று நாம் பழகிய சான்றிதழை அலுவலகம் தர வேண்டும். கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். கழிவுக்குப் பின் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். சீட்டில் பிடித்த தொகை வரிக் கணக்கில் இல்லாவிட்டால் முதலில் உங்கள் அலுவலகச் சம்பளப் பிரிவைக் கேளுங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்தாலும், கொடுத்த கணக்கைத் திருத்தித் தர வேண்டியது அவர்கள்தான்.