பொருந்தாத சப்பாத்தும் குறுக்கே நிற்கும் எல்லையும்

ஒரு சோடிச் சப்பாத்து வாங்குவதில் அப்படி என்ன பெரிய சிரமம் இருக்கப் போகின்றது என வாசகர்கள் வினவக்கூடும். சராசரிப் பாதம் உடையோருக்குச் சிரமம் இல்லைதான். அகன்ற பாதம், வீங்கிய பாதம், இடமும் வலமும் ஒரே அளவில் அமையாத பாதம் ஆகியவற்றை உடையோரின் நிலைமை வேறு. அயலிலுள்ள கடைகள் கைவிட்ட அவர்களுக்கு இணையமே கைகொடுத்தது. ஆனால், அந்த இணையக் கடை எல்லைக்கு அப்பால் இருந்தால் என்ன நேரும் என்பதற்குப் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2021 இல் எழுந்த சுங்க எல்லை தக்க உதாரணமாகும். எமது உறவுகள் லண்டனிலும் பாரிஸிலும் பரந்து வாழ்வதால் இது எமக்கும் அந்நியமான விடயமன்று.

பாரிஸில் வசிக்கும் எமது ஒன்றுவிட்ட சகோதரி ஒருவர் நீண்டகால நீரிழிவு நோயாளி. அகன்ற பாதங்களுக்கெனச் சப்பாத்து விற்கும் பிரித்தானிய நிறுவனமொன்றிடம் மூன்று சோடிகளைத் தருவித்து, பொருந்தும் ஒன்றை வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் திருப்பி அனுப்புவது அவரது வழக்கமாக இருந்தது. இதனை வீண் ஆடம்பரமாகக் கருதலாகாது. காலில் போட்டுப் பாராமல் வாங்க முடியாதவருக்கு வீட்டுக் கூடமே கடையாகின்றது.

அளவு இலக்கத்தை நம்பி ஒரே சோடியை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். பிரித்தானிய முறையில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தைக் கொண்டு வகுத்த பழைய கணக்கு அது. ஐரோப்பாக் கண்டத்து முறையிலோ சென்ரிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர். இவ்விரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. ஆதலால் ஒரு நிறுவனத்தின் ஒப்பீட்டு அட்டவணையில் 39 ஆக இருப்பது மற்றொன்றில் 40 ஆகிவிடுகின்றது. அகலத்தின் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் 'டீ' என்னும் எழுத்து ஆண்களின் சப்பாத்தில் சராசரி அகலத்தையும் பெண்களின் சப்பாத்தில் கூடிய அகலத்தையும் குறிக்கும். பிரித்தானியாவிலோ பெண்களுக்கு அதே எழுத்துப் பொதுவாகச் சராசரி அகலமாகும்.

ஆக, திருப்பி அனுப்பும் வசதியே இவ்வியாபாரத்தின் உயிர்நாடி. எல்லை அறுத்தது அதனைத்தான்.

2021 ஜனவரி முதல் பிரித்தானியாவிலிருந்து பிரான்ஸுக்குச் செல்லும் பொதி இறக்குமதிப் பண்டமாகியது. 22 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கும் அவ்வாண்டு ஜூலை 1 இல் நீக்கப்பட்டது. பிரான்ஸின் பெறுமதி சேர் வரி 20 சதவீதம். கூரியர் நிறுவனத்தின் கையாளற் கட்டணம் தனி. பொதியின் பெறுமதி 150 யூரோவைத் தாண்டினால் சுங்கத் தீர்வையும் சேர்ந்தது. தோற் சப்பாத்துக்குப் பெரும்பாலும் 8 சதவீதம், துணியாலோ இறப்பராலோ ஆனவற்றுக்கு ஏறத்தாழ 17 சதவீதம். ஒரு சோடி அந்த வரம்புக்குள் அடங்கும். மூன்று சோடி அடங்காது. பொருத்தம் பார்க்கவென மேலதிகமாகத் தருவிப்பவரே தீர்வைக்குள் அகப்படுகின்றார். 150 யூரோவுக்குக் குறைந்த பொதிகளிலும் 2026 ஜூலை முதல் பொருள் வகையொன்றுக்கு 3 யூரோ அறவிடுவதென ஒன்றியம் 2025 டிசம்பரில் தீர்மானித்தமையும் குறிப்பிடத்தக்கது.

இரு தரப்புக்கும் இடையே தீர்வையற்ற வர்த்தக உடன்படிக்கை இருக்கின்றதே எனச் சிலர் கேட்பர். அச்சலுகை அவ்விரு தரப்பிலும் உற்பத்தியானவற்றுக்கே உரியது. வியட்நாமிலோ சீனாவிலோ தைக்கப்பட்டு பிரித்தானியக் களஞ்சியத்தில் தங்கி வரும் சப்பாத்துக்கு அது கிடையாது. விற்பனைக்கு வருவனவற்றுட் பெரும்பாலானவை அத்தகையனவே.

திருப்பி அனுப்புவதாயின் சுங்கப் படிவம், வெளிநாட்டுத் தபாற் செலவு, செலுத்திய வரியை மீளக் கோரும் விண்ணப்பம் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். எமது சகோதரி ஒருமுறை முயன்றார். வரியை மீளப்பெறச் சென்ற மாதங்களை எண்ணி, மறுமுறை பொருந்தாத சோடியை அப்படியே வைத்துக்கொண்டார்.

ஆபத்து அங்கேதான் உள்ளது. நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வு நரம்புகளைப் பாதிப்பதால் சப்பாத்து இறுக்குவதை அவர்களாற் பல வேளைகளில் உணர முடிவதில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், ஈற்றில் விரலையோ காலையோ இழந்தோரை நாம் அறிவோம். தெற்காசிய வம்சாவளியினரிடையே இந்நோய் ஐரோப்பியரைவிட அதிகம் என்பதும் யாவரும் அறிந்ததே. எமது நாட்டில் கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும் கழற்றி வைக்கும் திறந்த செருப்பு அகலக் குறையை ஓரளவு மறைத்துவிடும் (அதுவும் உணர்விழந்த பாதத்துக்குப் பாதுகாப்பன்று என வைத்தியர்கள் எச்சரிப்பர்). பனிக்குளிரில் அவ்வழியும் இல்லை.

எல்லை கடந்து வாங்குவதைத் தவிர்க்க இயலாதோர், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் இரு பாதங்களையும் கடதாசியில் வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரில் எழுதி, சப்பாத்தின் உள்ளளவை விற்பனையாளரிடம் கேட்டறிவது நன்று. விலையில் வரியும் தீர்வையும் அடங்குமா, திருப்பி அனுப்ப ஒன்றியத்துக்குள் முகவரி உண்டா என்பவற்றைப் பணம் செலுத்துமுன் கேட்பது அதனிலும் நன்று.

எமது சகோதரி இறுதியில் லண்டனில் நடந்த திருமணமொன்றுக்குச் சென்றபோது, கடையொன்றில் ஏழு சோடிகளைப் போட்டுப் பார்த்து எட்டாவதை வாங்கினார். புகைவண்டியில் திரும்பும் பயணி 300 யூரோ பெறுமதி வரையான பொருட்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அவர் அதனைக் காலிலேயே அணிந்து வந்து சேர்ந்தார்.