மூட்டு வலிக்குதா? பைக்கை விற்க வேண்டாம்... ஃபுட்ரெஸ்ட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க!

நாற்கரச் சாலையோர டீக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெரிய பெரிய பைக்குகள் வரிசையாக வந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்குகிறவர்களில் இளைஞர்கள் நேராக டீ மாஸ்டரை நோக்கி நடப்பார்கள். நாற்பதைத் தாண்டியவர்களோ முதலில் பைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உதறுவார்கள். அப்புறம் இன்னொரு காலை. அதன் பிறகுதான் நடை.

வாழ்க்கையில் கொஞ்சம் ஓய்வும் காசும் சேர்ந்த பிறகு, கல்லூரிக் காலத்துக் கனவான டூரிங் பைக்கை வாங்குகிறவர்கள் இப்போது நிறைய பேர். வாங்கிய ஆறே மாதத்தில் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பிக்கும். “என்னங்க, இந்த வயசுல இது தேவையா? வித்துட்டு கார்லயே போலாமே” என்று வீட்டிலிருந்து குரல் வரும். பல பைக்குகள் இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் பிரச்னை வயதிலா, பைக்கிலா என்று பார்க்காமல் முடிவெடுப்பது, செருப்புக்குத் தகுந்தபடி காலை வெட்டிக்கொள்வதைப் போன்றது. பல நேரங்களில் 3 சென்டிமீட்டர் மாற்றத்தில் தீர்ந்துபோகிற விஷயம் இது.

வலி எங்கிருந்து வருகிறது?

பைக்கில் நம் உடம்பு மூன்று இடங்களில் தங்குகிறது. சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். இந்த மூன்றையும் இணைக்கும் முக்கோணம்தான் நாம் உட்காரும் விதத்தைத் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் இதைச் சராசரி உயரமுள்ள ஒருவரை மனதில் வைத்துத்தான் வடிவமைக்க முடியும். ஐந்தே கால் அடிக்காரரும் ஆறடிக்காரரும் ஒரே பைக்கைத்தான் வாங்குகிறார்கள்.

சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறதோ, அவ்வளவுக்குச் சிரட்டை எலும்பு தொடை எலும்பின் மீது அழுந்தும். ஐந்து நிமிடம் என்றால் தெரியாது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் அப்படியே இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். மூன்று மணி நேர சினிமா பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது சிலருக்கு முழங்கால் வலிக்குமே, அதே சங்கதிதான். மருத்துவர்கள் இதற்கு ‘தியேட்டர் சைன்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. இடுப்பிலிருந்து முழங்கால் வரை 45 செ.மீ., முழங்காலிலிருந்து பாதம் வரை 48 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இடுப்புக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இடையே 60 செ.மீ. தூரம் இருந்தால், முழங்கால் சுமார் 80 டிகிரியில் மடங்கியிருக்கும். அந்தத் தூரத்தை 63 செ.மீ. ஆக்கினால் அது 85 டிகிரி. வெறும் 5 டிகிரிதானே என்று தோன்றலாம். ஆனால் 90 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரியும் நீண்ட பயணத்தில் கணக்கில் வரும்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பைக்கைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லையென்றால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழக்கம்போல் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து மகனையோ மகளையோ போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோணம் சதுர மூலையைவிட நன்றாகவே குறுகியிருந்தால், உங்கள் கால் நெருக்கடியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஒரு போர்வையைச் சுமார் 3 செ.மீ. கனத்துக்கு மடித்துச் சீட்டில் போட்டு உட்காருங்கள். முழங்காலைப் பொறுத்தவரை சீட் உயர்வதும் ஃபுட்ரெஸ்ட் இறங்குவதும் ஒன்றுதான். பத்து, பதினைந்து நிமிடம் அப்படியே இருந்து பாருங்கள். கால் ‘அப்பாடா’ என்றால் மாற்றம் பலன் தரும். எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சோதனை நிற்கிற பைக்கில் மட்டும்தான். போர்வையோடு ரோட்டுக்குப் போய்விடாதீர்கள்!

சீட்டை உயர்த்துவதா, ஃபுட்ரெஸ்ட்டை இறக்குவதா?

கால் நீளமானவர்களுக்குச் சீட்டை உயர்த்துவதே எளிய வழி. சென்னையை அடுத்துள்ள தொழிற்சாலைகளில் ராயல் என்ஃபீல்டு தயாரிக்கும் ஹிமாலயன் 450 பைக்கில், சீட்டை 825 மி.மீ. அல்லது 845 மி.மீ. உயரத்தில் வைத்துக்கொள்ள வசதி உண்டு. கருவி எதுவும் வாங்காமலேயே 2 செ.மீ. கிடைத்துவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இது சரிவராது. சீட் உயர்ந்தால் சிக்னலில் நிற்கும்போது கால் தரையில் முழுதாகப் பதியாது. லக்கேஜும் பின்னால் ஒருவரும் இருக்கும்போது, நுனிக்காலில் 200 கிலோ வண்டியைத் தாங்குவது ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஃபுட்ரெஸ்ட்டை இறக்கும் வழி. இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஒரிஜினல் ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பதிலாக, கால் வைக்கும் பகுதி தாழ்வாக அமைந்த புதிய ஃபுட்ரெஸ்ட்டைப் பொருத்துவது. இன்னொன்று, பிராக்கெட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவே ஓர் இணைப்புத் துண்டு போட்டு, பழைய ஃபுட்ரெஸ்ட்டையே கீழே இறக்குவது. இரண்டாவது வகையில் பழைய ரப்பர் அப்படியே இருப்பதால் அதிர்வு அதிகமாகத் தெரியாது. எதுவானாலும் உங்கள் பைக் மாடலுக்கென்றே செய்யப்பட்டதாக வாங்குங்கள். 2 முதல் 3 செ.மீ. இறக்கமே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மேடு பள்ளத்தில் எழுந்து நிற்கும்போது உங்கள் முழு எடையும் இந்த இரண்டு துண்டுகளின் மேல்தான். ஒரு குழியில் இறங்கி ஏறும்போது அது எடையைப் போல் இரண்டு மடங்காகக்கூட விழலாம். பல பைக்குகளில் பிராக்கெட் அலுமினிய வார்ப்பு. அதில் வெல்டிங் சூடு பட்டால் பலம் குறையும். லட்சக்கணக்கில் பைக் வாங்கிவிட்டு இங்கே மிச்சம் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதை.

இறக்கினால் மட்டும் போதாது

இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஃபுட்ரெஸ்ட் கீழே போனதும் கியர் லீவரும் பிரேக் பெடலும் காலுக்கு உயரமாகிவிடும். பிரேக் பிடிக்க ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். 80 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கால் தேடுகிற அரை விநாடியில் 11 மீட்டர் போய்விடும். லாரியின் பின்புறம் அந்த 11 மீட்டருக்குள் இருக்கலாம்.

ஆகவே இரண்டையும் அதே அளவுக்கு இறக்க வேண்டும். கியர் லீவரை, அதன் இணைப்புக் கம்பியில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தியோ, பல் வைத்த தண்டில் ஒரு பல் தள்ளிப் பொருத்தியோ இறக்கலாம். பின் பிரேக் பெடலுக்கும் அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. ஆனால் இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. பெடலில் கொஞ்சம் ‘ப்ளே’ கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டிஸ்க் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்து, சூடாகி, கடைசியில் சக்கரமே இறுகிவிடும். வேலை முடிந்ததும் சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பெடலைத் தொட்டதும் பிரேக் லைட் எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும்.

சைடு ஸ்டாண்டு இடிக்கிறதா, பழைய புல்லட் என்றால் கிக்கர் இடிக்கிறதா, ஃபுட்ரெஸ்ட் முன்போலவே மேல்நோக்கி மடங்குகிறதா என்றும் பாருங்கள். 100 கி.மீ. ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ப்ளிட் பின்னைக் கழற்றினால் புதியதுதான் போட வேண்டும்.

கொல்லிமலை போகிறவர்கள் கவனத்துக்கு

எந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. வளைவில் பைக் சாயும்போது பெரும்பாலும் முதலில் தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்ட்தான். அதன் நுனி பைக்கின் நடுக்கோட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளியும், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 40 டிகிரி வரை சாயலாம். 3 செ.மீ. இறக்கினால் அதில் 3 டிகிரி குறையும். நிதானமாகப் போகிறவர் அந்த எல்லையைத் தொடவே மாட்டார். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலோ, 40 வளைவுகள் உள்ள வால்பாறைப் பாதையிலோ வேகம் காட்டுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியதாக இருப்பது இதற்காகத்தான். மடங்காத ஃபுட்ரெஸ்ட் தரையில் ஊன்றிக்கொண்டால் சக்கரத்தையே தூக்கிவிடும். நுனியில் ஒரு சின்ன போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அதை அழகுக்காகக் கழற்றாதீர்கள். முதலில் அது உரசி, ‘போதும்’ என்று எச்சரிப்பதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னால் இருப்பவருக்கும் முழங்கால் உண்டு!

பின்சீட் உயரம், அதன் ஃபுட்ரெஸ்ட்டும் உயரம். அதனால் பல பைக்குகளில் ஓட்டுபவரைவிடப் பின்னால் இருக்கும் மனைவியின் முழங்கால்தான் அதிகம் மடங்கியிருக்கும். அதையும் அதே போர்வைச் சோதனையில் பாருங்கள். பின் ஃபுட்ரெஸ்ட்டை இறக்கும்போது பாதம் சைலன்சரைத் தொடாமல் இருக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை சிக்காமல் தடுக்கும் கார்டு மூன்றையும் மத்திய மோட்டார் வாகன விதி 123 கட்டாயமாக்கியிருக்கிறது. ‘மாடிஃபை’ செய்கிறேன் என்று இவற்றில் எதையும் கழற்றக் கூடாது.

சட்டம் பற்றி இன்னொரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. ஃபுட்ரெஸ்ட் இறக்குவது சின்ன வேலைதான். என்றாலும், வாரன்டி இருக்கும் பைக் என்றால் சர்வீஸ் சென்டரிலும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

உயரம் குறைந்தவர்களுக்கு இந்த மாற்றம் எதிர்வேலை செய்யும். ஃபுட்ரெஸ்ட் தாழ்ந்துவிட்டால் தொடையின் எடையைப் பாதம் தாங்காது. சீட்டின் முன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி, கால் மரத்துப்போகும். காட்டுப் பாதையிலும் பாறைகள் நிறைந்த இடத்திலும் அதிகம் ஓட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். தாழ்ந்த ஃபுட்ரெஸ்ட் கல்லில் இடிக்கும்.

முழங்கால் வீங்கியிருந்தாலோ, படி இறங்கும்போதும் இரவிலும் வலித்தாலோ பார்க்க வேண்டியது மெக்கானிக்கை அல்ல, எலும்பு மூட்டு மருத்துவரை. இன்னொன்றும் உண்டு. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வது காலில் ரத்தம் உறையும் ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-ல் சொன்னது. எவ்வளவு வசதியான ஃபுட்ரெஸ்ட் போட்டாலும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். தண்ணீர் குடியுங்கள்.

மாற்றம் செய்த முதல் நாளே கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட வேண்டாம். காலியான மைதானத்தில் அரை மணி நேரம் பிரேக்கும் கியரும் பழகுங்கள். ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள். கால் தேடாமலே பெடலில் போய் அமர ஆரம்பித்த பிறகு, அடுத்த நீண்ட பயணத்துக்குத் தேதி குறிக்கலாம். அப்புறம் பைக்கை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள்!