லாரி கேபினில் வேகும் டிரைவர்கள்! ஈர சாக்கு போட்டும் தூக்கம் இல்லை

சென்னை வெயிலில் பகல் முழுக்க நின்ற லாரிக்குள் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் தெரியும், இட்லி எப்படி வேகிறது என்று!

துறைமுகத்துக்கு போகும் கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரோட்டோரம் காத்து நிற்பது பல வருஷமாக பார்த்த காட்சி. டிரைவர், கிளீனருக்கு கேபின்தான் வீடு. மேலே தகரம் காயும். பழைய வண்டிகளில் இஞ்சின் மூடி சீட்டுக்கு பக்கத்திலேயே இருக்கும். வண்டியை நிறுத்தினாலும் அந்த சூடு லேசில் அடங்காது.

"இறங்கி வேறு எங்காவது படுக்கக்கூடாதா?" என்று கேட்கலாம். வண்டியை விட்டு போனால் டீசல் போகும். பேட்டரி போகும். தார்ப்பாய்கூட போகும். கண்ணாடியை இறக்கினால் செல்போன் போகும். ஏற்றினால் தூக்கம் போகும்!

ஈர சாக்கு

கேபின் மேல் ஈர சாக்கு போடுவது டிரைவர்களின் பழைய வைத்தியம். சேலம், நாமக்கல் பக்கம் அது கைகொடுக்கும். அங்கே வறண்ட காற்று. சாக்கில் உள்ள தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். சென்னை கடற்கரை கதை வேறு. காற்றிலேயே ஈரம். சாக்கும் காயாது, உடம்பு வேர்வையும் காயாது. கேபினுக்கு உள்ளே ஈரத் துணி தொங்கவிட்டால் புழுக்கம் இன்னும் கூடும்.

இங்கே காற்றோட்டம்தான் மருந்து. 2 பக்க கண்ணாடியையும் இறக்கி, கொசு வலை கட்டி, பகலில் முன் கண்ணாடியை வெளிப்பக்கம் அட்டையால் மறைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். சின்ன பேன் மாட்டலாம். ஆனால் பெரிய லாரிக்கு 24 வோல்ட், கார் பேனுக்கு 12 வோல்ட். நேராக மாட்டினால் பேன் காலி!

மதியம் கடல் காற்று நேரத்தோடு வந்தால் பிழைத்தார்கள். மேல்காற்று அதை தடுத்துவிட்டால் போச்சு. 2003-ம் ஆண்டு மே 31-ந்தேதி நுங்கம்பாக்கத்தில் 113 டிகிரி (45 செல்சியஸ்) வெயில் கொளுத்தியதை சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிலர் நிழலுக்காக லாரிக்கு அடியில் படுத்துவிடுகிறார்கள். வண்டியை எடுப்பவர் குனிந்து பார்க்காவிட்டால் உயிர் போய்விடும்.

கேரவனுக்குள் 2 பிணம்

ஏ.சி. இருந்தால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் 2 பேர் பிணமாக கிடந்தனர். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். இஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு தூங்கவே கூடாது. ஷெட்டுக்குள் என்றால் இன்னும் ஆபத்து.

3½ டன்னுக்கு மேற்பட்ட புதிய லாரிகளில் ஏ.சி. கேபின் 2025-ல் கட்டாயம் ஆனது. ஏற்கனவே ஓடிக்கொண்டு இருக்கும் பழைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. அந்த டிரைவர்களுக்கு சாக்கும் அட்டையும்தான்.

கூட வந்தவருக்கு தலை சுற்றி, பேச்சு குழறினால் "வெயில் அசதிப்பா, படுத்தா சரியாயிடும்" என்று விட்டுவிடக் கூடாது. நிழலுக்கு தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.