பார்வையாளர்க்கும் அறமுண்டு

விளையாட்டில் நேர்மை ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று, பார்ப்போர்க்கும் உரியது. 1999 ஜனவரி 31 அன்று சென்னைச் சேப்பாக்கம் இதனை மெய்ப்பித்தது. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தில் இந்தியாவின் வெற்றிக்கு 271 ஓட்டங்கள் தேவைப்பட்டன. முதுகுவலியைப் பொறுத்து 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் வீழ்ந்தார். 12 ஓட்டங்களில் வெற்றி கைநழுவிற்று. கணநேரம் மௌனம். பின்னர் அரங்கமே எழுந்து வென்றோரைக் கைதட்டி வாழ்த்தியது. அவர்களும் மைதானத்தை வலம்வந்து நன்றி தெரிவித்தனர்.

மறுமாதம் கல்கத்தாவிலோ, அதே இரு அணிகள் மோதுகையில் கலவரம் மூண்டது. பார்வையாளரை வெளியேற்றிய பின்னரே ஆட்டத்தை முடிக்க இயன்றது.

பனியன் கம்பெனிகளில் உழைக்கும் எம் குன்னத்தூர் இளைஞரும் ஓய்வுநாளில் பந்தாடுகின்றனர். வென்றனரா என நாம் வினவுவதில்லை. அடுத்த ஊரார் வென்றபோது கைதட்டினீர்களா என்றே வினவுகின்றோம்.